குணசேகரம் பூச்சியும் பவளராணி பூச்சியும்

அம்மாவையும் அப்பாவையும் பூச்சியாக்கிப்போட்டாள் என்று சுஜன் தன் அக்கா சாரங்கியைப் பற்றிக் கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. கோப்பன்ஹேகனில் ஓர் அருங்காட்சியகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சாரங்கி, தென்னமெரிக்காவிலிருந்து எப்போதோ வந்து இழுப்பறைகளில் கிடந்த இரண்டு கேடயப் பூச்சிகள் இதுவரை எவரும் பெயரிடாதவை என்று கண்டுபிடித்திருந்தாள். கறுப்பும் தடிப்புமாக இருந்த ஒன்றுக்கு அப்பா குணசேகரத்தின் பெயர். பொன்மஞ்சள் முதுகில் கபிலக் கோடுகள் ஓடிய மற்றதற்கு அம்மா பவளராணியின் பெயர். கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சுக்கு முந்திய பிரதியைத் திருத்தித் திங்கட்கிழமை அனுப்பினால், அந்தப் பெயர்கள் உலகம் உள்ளவரைக்கும் இருக்கும்.

கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் அழகில்லை. அன்புக்குரியவர்களின் பெயரை வைக்கலாம். செய்தியைச் சொல்ல சாரங்கி பெற்றோர் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோ ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது அம்மாதான் முதலில் எடுத்தாள்.

“பூச்சியெண்டால் என்ன பூச்சி, பிள்ளை?”

“கேடயப் பூச்சி அம்மா. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம்.”

“மூட்டைப்பூச்சிக்கே என்ரை பேரை வைச்சனி? ஒரு வண்ணத்துப்பூச்சி கிடைக்கேல்லையே உனக்கு?”

ஆனால் படத்தைப் பார்த்த பிறகு அம்மாவின் குறை அடங்கிவிட்டது. தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒவ்வோர் அறையாகக் கொண்டுபோய்க் காட்டினாள் என்று பிறகு தெரியவந்தது. அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். தான் வேலை செய்யும் பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் உணவறையில் அவர் காட்டிய படத்தைப் பார்த்த டேனிஷ்காரர்கள், டேனிஷ் மொழியில் அந்தப் பூச்சிக்கு உள்ள பெயரையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். காலையில் வேலைக்குப் போனால், “தேயெ வந்திட்டார்” என்று கைதட்டினார்கள். இவ்வளவு வருடங்களில் அந்தத் தொழிற்சாலையில் அவருக்குக் கிடைத்த முதல் பட்டப்பெயர் அது. குணசேகரம் அதை ஒரு பதக்கம்போலச் சுமந்துகொண்டு திரிந்தார்.

அந்த ஊரின் தமிழ் மண்டபத்தைப் பொறுப்பாகப் பார்க்கும் பஸ்தியாம்பிள்ளைக்குச் செய்தி எட்டியதும் வேலை தானாக நடந்தது. சனிக்கிழமை மாலை பாராட்டு விழா. பொன்னாடை, மாலை, பிள்ளைகளின் நடனம், இராச்சாப்பாடு. மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு பெரிய பானர்: “இரண்டு புதிய பூச்சியினங்களைக் கண்டுபிடித்த எமது மகள்.” எழுத்துக்களுக்கு இரு பக்கமும் இரண்டு பூச்சிகள், ஒவ்வொன்றும் ஒரு சோற்றுப் பானையளவில்.

சாரங்கிக்கு அந்தப் பூச்சிகளை இன்னும் பெரிதாகப் பார்த்துப் பழக்கம். பதினைந்து வயதில் அவள் ஹொல்ஸ்டெப்ரோ நூலகத்தில் டேனிஷ் மொழிபெயர்ப்பில் கிடைத்த தென்னமெரிக்க நாவல்களையெல்லாம் வாசித்துத் தள்ளியவள். ஆறு பெருகி ஊரையே கொண்டுபோகும் கதைகள், மழை ஓயாத காட்டுக் கதைகள். ஜன்னலுக்கு வெளியே யூலண்ட் குடாநாட்டின் தட்டையான வயல்களில் மழை பெய்யும், புத்தகத்துக்குள்ளும் பெய்யும், உள்ளே பெய்யும் மழைதான் அவளை நனைக்கும். அந்தக் காட்டுக்கு அவள் இன்னும் போனதில்லை. ஆனால் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் போதும், அங்கே இருந்தாள். பூச்சியின் முதுகு முழுவதும் ஊசியால் குத்தினதுபோலச் சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு துளி கரும்பச்சை, எவரோ பார்த்துப் பார்த்து ஊற்றிவைத்ததுபோல. தோளுக்குப் பின்னால் தொடங்கி முதுகை மூடிக்கொண்டு கீழே குவியும் முக்கோணக் கேடயம். அதன் ஓரத்தில் சீவியெடுத்த நகம்போல மெல்லிய, பால்நிற விளிம்பு. ஒரு கடுகுக்கும் ஒரு பயற்றங்கொட்டைக்கும் இடைப்பட்ட உடம்பில் இவ்வளவு வேலைப்பாடு ஏன் என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காதது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளிடம் இருந்தவை சொற்பம். எக்குவடோரின் நப்போ ஆற்றங்கரையில் ஒருவர் பிடித்த கறுப்புப் பூச்சிகள் மூன்று. தெற்கே வெகுதூரத்தில், பெரு நாட்டில், வேறொருவர் வேறொரு காலத்தில் பிடித்த மஞ்சள் பூச்சிகள் இரண்டு. இரண்டும் வேறு வேறு இழுப்பறைகளில் கிடந்தன. ஒரு புதிய இனத்தை விவரிக்கும்போது அதன் பெயரைச் சுமக்க ஓர் உடலைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்த ஒன்றைக் குத்திவைத்திருக்கும் ஊசியில் சிவப்புக் காகிதத் துண்டு ஒன்றையும் குத்துவார்கள். பிற்காலத்தில் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த உடலைத்தான் வந்து பார்ப்பார்கள். சாரங்கி இரண்டு சிவப்புத் துண்டுகளை வெட்டி, பெயர் எழுதித் தயாராக வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம், மண்டபத்தில் காட்டுவதற்கு அந்தக் காட்டின் படம் ஏதாவது வேண்டுமென்று தேடினாள். உலகமெங்கும் உள்ளவர்கள் தாங்கள் கண்ட செடியையும் பூச்சியையும் படமெடுத்துப் போடும் இணையத்தளம் ஒன்று உண்டு. எக்குவடோரில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை தன் கொக்கோத் தோட்டத்தில் எடுத்த படங்களை அண்மையில் போட்டிருந்தாள். கீழே “பூச்சி” என்று மட்டும் எழுதியிருந்தாள்.

ஒரு கொக்கோ இலை. அதன்மேல் ஒரு கறுப்புப் பூச்சி. அதன் பின்பக்கத்தோடு பின்பக்கம் ஒட்டியபடி, எதிர்த்திசை பார்த்துக்கொண்டு, ஒரு மஞ்சள் பூச்சி. கேடயப் பூச்சிகள் கூடுவது அப்படித்தான்.

சாரங்கி அடுத்த படத்துக்குப் போனாள். அதே இலை, சில நாட்களின் பின். கறுப்பு அங்கே இல்லை. மஞ்சள் மட்டும், நெருக்கமாக அடுக்கிய முத்துகள் போன்ற முட்டைகளின்மேல் கால்களை அகட்டி நின்றது. இலையின் விளிம்பில் ஒரு பொட்டளவு குளவி, முட்டைகளுக்குள் தன் முட்டையை வைக்கக் காத்திருந்தது. பூச்சி தன் உடம்பை அந்தப் பக்கமாகச் சரித்து, கேடயத்தைக் குளவிக்கு நேரே பிடித்திருந்தது. கேடயம் என்று இதற்குப் பெயர் வைத்தவன் இந்தக் காட்சியைக் கண்டிருப்பானோ என்று சாரங்கி நினைத்தாள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. பூச்சியைப் பார்த்த வியப்பு முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கட்டுரையைத் திறந்தாள். குணசேகரம் பூச்சியின் விவரணை முடியும் இடத்தில் அவளே எழுதியிருந்தாள்: “பெண்: தெரியவில்லை.” பவளராணி பூச்சியின் கீழே: “ஆண்: தெரியவில்லை.” மூன்று கறுப்பும் ஆண். இரண்டு மஞ்சளும் பெண். அந்த இரண்டு வரிகளையும் அவள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கவே இல்லை. நாடு வேறு, நிறம் வேறு, இழுப்பறை வேறு என்று இருந்துவிட்டாள்.

பூச்சிகளுக்குப் பெயர் வைப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பிழை இது. ஆணைக் கண்டு ஓர் இனம் என்பார்கள். பெண்ணைக் கண்டு இன்னோர் இனம் என்பார்கள். பிறகு எவராவது வந்து இரண்டும் ஒன்று என்று காட்ட, ஒரு பெயர் செத்துப்போகும். படிக்கிற காலத்தில் அப்படிப்பட்ட பிழைகளைப் பார்த்து சாரங்கி சிரித்திருக்கிறாள்.

ஒரு படத்தை மட்டும் நம்பக் கூடாது. சில வேளைகளில் வேறு வேறு இனங்களும் தவறிக் கூடும். அவள் இரண்டு பூச்சிகளையும் எடுத்துவந்து அடிவயிறு தெரியத் திருப்பினாள். கால் மூட்டுக்குப் பக்கத்தில், நாற்றம் கசியும் வாய்க்கால் ஒன்று இந்தப் பூச்சிகளுக்கு உண்டு. அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். இந்தக் கறுப்பில் அது கேத்தலின் மூக்குப்போல வளைந்து நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. மஞ்சளிலும் அப்படியே. விவரணையில் அதை இரண்டு இடத்திலும் ஒரே சொற்களால் எழுதியிருந்தாள். ஒரு தடவை எழுதியதை மறுபடியும் ஒட்டியிருந்தாள் என்பதே உண்மை. உறிஞ்சு குழாயின் நீளம், உணர்கொம்பின் கணுக்கள், எல்லாம் பொருந்தின. வெளியே வேலை முடிந்து வீடு போகும் சைக்கிள்களின் மணிச்சத்தம் கூடத் தொடங்கியபோது அவளிடம் ஒரே ஓர் இனம்தான் இருந்தது.

அப்போதுதான் பஸ்தியாம்பிள்ளை அழைத்தார்.

“தங்கச்சி, பானர் வந்திட்டுது. பூச்சியின்ரை மயிர்க்காலும் தெரியுது. ஒருக்கால் பாத்துச் சொல்லு, உன்ரை பேருக்கு முன்னாலை கலாநிதி எண்டு போட்டிட்டன்.”

“நான் இன்னும் கலாநிதிப் படிப்பு முடிக்கேல்லை அண்ணை.”

“முடிப்பாய்தானே. சனிக்கிழமை சந்திப்பம்.”

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் படத்தைத் திரும்பவும் திறந்தாள். அந்த ஆசிரியையின் படத்தை இன்னும் எவரும் அடையாளம் காணவில்லை. இந்தப் பூச்சிக்குடும்பத்தை ஆராய்பவர்கள் உலகத்தில் ஒரு வகுப்பறையை நிரப்ப மாட்டார்கள். திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தால், அப்பாவும் அம்மாவும் இருக்கும்வரைக்குமாவது இரண்டு பெயர்களும் இருக்கும். எண்ணம் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மஞ்சள் பூச்சி குளவிக்கு நேரே சரிந்து நின்ற விதம் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்கு ஆண் யாரென்று தெரியாது என்று எழுதி இனி அவளால் கையெழுத்துப் போட முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் தன் பேராசிரியை மெட்டெயிடம் எல்லாவற்றையும் காட்டினாள். மெட்டெ நுண்ணோக்கியிலிருந்து நெடுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“நேற்று உன்னிடம் இரண்டு அரைகுறைகள் இருந்தன,” என்றாள். “இன்றைக்கு ஒரு முழு விலங்கு இருக்கிறது. நான் இதழாசிரியருக்கு எழுதுகிறேன், அவகாசம் தருவார்கள்.” பிறகு கோப்பியை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “சரி, எந்தப் பெயரை விடப்போகிறாய்?”

சாரங்கி வெட்டிவைத்திருந்த இரண்டு சிவப்புத் துண்டுகளையும் எடுத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை ரயிலில் பிரெடெரிசியாவில் சுஜன் ஏறினான். அங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான். அக்காவின் விழாவுக்கென்று புதுச் சட்டை போட்டிருந்தான். தங்களுக்குள் டேனிஷில் கதைக்கும் பிள்ளைகள்தான். வீட்டு விஷயம் என்றால் மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். சாரங்கி படத்தை நீட்டினாள்.

“கறுப்பு அப்பா. மஞ்சள் அம்மா. ரெண்டும் ஒரே இனம்.”

சுஜன் படத்தைப் பார்த்தான். விளங்கியதும் தொலைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தான்.

“அக்கா, உதை எனக்கேன் காட்டினனி? இனி எனக்கு நித்திரை வராது.”

“பகிடியை விடு. ஒரு பேர்தான் வைக்கலாம். ஆருக்கெண்டு சொல்லுறது?”

“இண்டைக்குச் சொல்லாதை. விழா முடியட்டும். திங்கள் போன் பண்ணிச் சொல்லு.”

“ரெண்டு பூச்சிக்கெண்டு பொன்னாடையைப் போத்தின பிறகோ?”

வைலெ நிலையத்தைத் தாண்டும்வரை சுஜன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பாவை வேலையிலை தேயெ எண்டு கூப்பிடுகினம், தெரியும்தானே,” என்றான். அவளுக்குத் தெரியும். அதுதான் நெஞ்சில் கிடந்தது.

வீட்டில் அம்மா சாப்பாட்டு மேசையில் பச்சைக் கொத்தமல்லி அரிந்துகொண்டிருந்தாள். உயிரோடு இருக்கும் கேடயப் பூச்சியை நசுக்கினால் ஏறக்குறைய இதே வாசம் வரும் என்று சாரங்கிக்குத் தெரியும். அதை அன்றைக்கு அவள் சொல்லவில்லை. அப்பா நீலச் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, அம்மா, கொஞ்சம் இருங்கோ. பிழை விட்டிட்டன்,” என்றாள்.

நின்றபடியே சொல்லி முடித்தாள். இரண்டு இனம் இல்லை, ஒன்றுதான். கறுப்பு ஆண், மஞ்சள் பெண். முட்டைமேல் நிற்கும் படத்தை மட்டும் காட்டினாள். அப்பா விடவில்லை.

“ரெண்டும் நிக்கிற படம் ஒண்டு இருக்கெண்டு சொன்னாய். அதைக் காட்டு.”

சுஜன் எழுந்து குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

“ஏன் பிள்ளை, ரெண்டும் ரெண்டு பக்கம் பாத்துக்கொண்டு நிக்குதுகள்?”

“அதுகள்... அப்பிடித்தான் அப்பா.”

“கோவமாக்கும்,” என்றாள் அம்மா, எட்டிப் பார்த்து. பிறகு விளங்கிக்கொண்டு, அரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத பலகையில் திரும்பவும் அரியத் தொடங்கினாள்.

அப்பா அயன்பெட்டியை அணைத்தார். “நானும் உன்ரை கொம்மாவும் முப்பது வருஷத்துக்கு மேலை ஒரு வீட்டிலை இருக்கிறம். நாங்கள் ஒரே சாதி எண்டு உனக்கு இப்பத்தான் தெரிஞ்சதே?”

சுஜன் குசினியிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. சாரங்கிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒரு பேர்தான் நிக்கும் அப்பா. நான்தான் தெரிவு செய்யவேணும். எனக்கு ஏலாமல் கிடக்கு.”

“அவரின்ரை பேரை வை,” என்றாள் அம்மா உடனே. “மனிசன் வேலையிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். எனக்கு மூட்டைப்பூச்சியின்ரை சொந்தம் வேண்டாம்.”

“ஒவ்வொரு அறையாக் கொண்டுபோய்க் காட்டினது ஆர்?” என்றார் அப்பா.

“அதுகள் வயசு போன சனம். மறந்திடுங்கள்.”

அப்பா அடுத்த படத்துக்குப் போனார். விரலால் பெரிதாக்கினார். குளவியைக் கண்டார். சரிந்து நிற்கும் உடம்பைக் கண்டார்.

“உது எவ்வளவு காலம் உப்பிடி நிக்கும்?”

“குஞ்சு வெளியிலை வருமட்டும். தின்னவும் போகாது. வந்த பிறகும் கொஞ்சநாள் நிக்கும்.”

“இந்தக் கறுப்பன்?”

“அது போயிடும் அப்பா.”

“போக்கத்தவன்,” என்றார் அப்பா. படத்தை அம்மாவின் பக்கம் திருப்பிப் பிடித்தார். “பார் ராணி, எப்பிடி நிக்குதெண்டு. உதுக்கு என்ரை பேரை வைச்சால் பாக்கிறவன் சிரிப்பான்.”

“நீங்கள் எங்கை போனியள்? ஒரு இடமும் போகேல்லையே,” என்றாள் அம்மா.

“நைட் ஷிஃப்டுக்குப் போனனான் எல்லே. ஐஞ்சு வருஷம். பிள்ளையள் ரெண்டும் காய்ச்சலிலை கிடக்கேக்கை நான் எங்கை நிண்டனான்? பண்டித்தலைக்குப் பக்கத்திலை.”

அம்மா கத்தியை வைத்துவிட்டாள். அப்பா சட்டையைக் கொழுவியில் மாட்டியபடி, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்:

“சிவப்புத் துண்டு கொம்மாவுக்கு. முடிஞ்சுது கதை. வெளிக்கிடுங்கோ, நேரம் போகுது.”

சாரங்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குழிக்குள் ஒரு துளி நிறத்தை ஒளித்துவைத்திருக்கும் உடம்புகளை நாள் முழுக்கப் பார்ப்பவள், இந்த மனிதரை இதுவரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. பானரில் பூச்சிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி பிரமாண்டமாக நின்றன. பஸ்தியாம்பிள்ளை பொன்னாடையோடு வந்தபோது சாரங்கி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். ஒலிவாங்கியை வாங்கினாள்.

“முதல் ஒண்டு சொல்லவேணும். நான் கண்டுபிடிச்சது ரெண்டு இனமில்லை. ஒண்டுதான். வியாழக்கிழமைதான் என்ரை பிழை எனக்குத் தெரிஞ்சது. அதின்ரை பேர் பவளராணி.”

பஸ்தியாம்பிள்ளை பானரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளிடம், ஒலிவாங்கி கேட்கிற தூரத்திலேயே கேட்டார்: “அப்ப உதை என்ன செய்யிறது? கழட்டுறதோ?”

“படம் ரெண்டும் சரி அண்ணை. எண்ணிக்கை மட்டும் பிழை.”

முன்வரிசையில் பட்டுச்சேலையோடு இருந்த ஓர் அக்காவுக்கு இன்னும் விளங்கவில்லை. “அப்ப பிள்ளை, உந்தக் கறுப்பு ஆர்?”

சாரங்கி வாயைத் திறப்பதற்குள் இரண்டு கதிரை தள்ளியிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அது இவர்.”

சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் சாப்பாடு சூடாக்கிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் போனது. குணசேகரம் எழுந்து, நீலச் சட்டையை இழுத்துவிட்டு, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம். பஸ்தியாம்பிள்ளை பொன்னாடையைப் பிரித்தபடி சாரங்கியிடம் மெதுவாகச் சொன்னார்: “ரெண்டெண்டு சொல்லியிருந்தாலும் நாங்கள் போத்தியிருப்பம் தங்கச்சி. இப்ப கொஞ்சம் வடிவாப் போத்துறன்.”

திங்கட்கிழமை மத்தியானம் அப்பாவிடமிருந்து செய்தி வந்தது. “வேலையிலை கேக்கிறாங்கள். நான் இப்ப எங்கை இருக்கிறன்?”

சாரங்கி அப்போது அந்த வேலையில்தான் இருந்தாள். இரண்டு இழுப்பறைகளிலிருந்தும் பூச்சிகளை எடுத்து ஒரு சிறிய வெள்ளைப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். பெண்ணின் ஊசியில் சிவப்புத் துண்டு. பெயரைச் சுமக்கும் உடலுக்குத் துணையாக வைத்து விவரிக்கப்படும் மற்றவற்றுக்கு மஞ்சள் துண்டு. கறுப்பு ஆணின் ஊசியில் அதைக் குத்தினாள். கட்டுரையில் இரண்டு வரிகளை வெட்டினாள். “தெரியவில்லை” என்ற சொல் இப்போது அதில் எங்கும் இல்லை. எக்குவடோர் ஆசிரியைக்கு நன்றி சொல்லும் வரி ஒன்று புதிதாக இருந்தது.

பெட்டியைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். “அம்மாவுக்குப் பக்கத்திலை,” என்று எழுதினாள்.

கொஞ்சநேரத்தில் மறுமொழி வந்தது. “இதிலை ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்கிறம்.”

அருங்காட்சியகத்தில் எல்லாப் பூச்சிகளையும் தலை மேற்பக்கம் இருக்கத்தான் குத்துவார்கள்; அது அங்கத்தைய வழக்கம். சாரங்கி அதை அவருக்கு எழுதவில்லை. “ஓம் அப்பா,” என்று மட்டும் எழுதிவிட்டு, பெட்டியை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.